கால் மாற்றும் அறை

அந்த ஓட்டலின் பெருமையே அதற்கு வாசல்படி கிடையாது என்பதுதான். கீழ்த்தளக் கூடத்தில் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் நேரே பனிச்சரிவு. அப்படியே சறுக்கிக்கொண்டு போகலாம், சறுக்கிக்கொண்டே திரும்பி வந்து கூடத்துக்குள் நிற்கலாம். நடக்கவே வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லித்தான் சம்பந்தி தேவராஜ் எங்களை உத்தரகண்ட் மலைக்குக் கூட்டிப்போனார். கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர். என் மகள் ஹரிணிக்கும் அவர் மகன் விஷ்ணுவுக்கும் ஐப்பசியில் நிச்சயம் முடிந்திருந்தது, தையில் கல்யாணம். நடுவில் இரண்டு குடும்பமும் ஒரு வாரம் ஒன்றாக இருந்தால் பழகிக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை.

பழகிக்கொள்வதில்தான் எனக்குப் பயம். நான் கோபியில் மேல்நிலைப் பள்ளி பூகோள ஆசிரியர். பூமி சுற்றுகிறது என்று எல்லா வாத்தியாரும் பாடம் நடத்துவார்கள், அதை நேரில் பார்க்கிற ஒரே வாத்தியார் நீங்கள்தான் என்று என் மனைவி சாந்தாமணி கேலி செய்வாள். பதினொரு வருடமாக எனக்குத் தலைசுற்றல். உள்காதில் கோளாறு. மாதத்தில் நாலைந்து நாள் சுவர்கள் கிளம்பிவிடும். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன், வாந்தி எடுப்பேன். மற்ற நாட்களிலும் தரையை முழுதாக நம்பி அடி வைத்ததில்லை. என் அப்பாவுக்கும் இது இருந்தது. அதுதான் சிக்கல். அப்பாவுக்கும் இருந்தது என்றால் பரம்பரை, பரம்பரை என்றால் ஹரிணிக்கும் வரும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிற வீட்டில் வியாதி இருக்கக்கூடாது. இருந்தாலும் இருக்கக்கூடாது. நிச்சயம் ஆன நாளிலிருந்து என் மாத்திரைகள் ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் குடியேறிவிட்டன.

பனிச்சறுக்கு என்றதும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிப்பதாகத்தான் திட்டம். தேவராஜ் விடவில்லை.

"கத்துக்கவே வேண்டாமுங்க சம்பந்தி. இங்க காலையே மாத்திக் குடுத்தர்றாங்க" என்றார்.

கூடத்தை ஒட்டி ஓர் அறை இருந்தது. ஊழியர்கள் அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் சொன்னார்கள். தேவராஜ் அதற்குக் கால் மாற்றும் அறை என்று பெயர் வைத்தார், எங்களுக்குள் அதுவே நிலைத்துவிட்டது. வாசலில் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்விகளை உரக்கப் படித்தாள். மூட்டு வலி உண்டா, வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா, காதில் இரைச்சல் உண்டா. என் தோளை ஒட்டித் தேவராஜ் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி வசந்தி, விஷ்ணு, ஹரிணி, சாந்தாமணி.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் சிரித்தார். "எங்க சம்பந்திக்கா தலை சுத்தும்? அவரு உலக உருண்டையவே விரல்ல சுத்தி விடறவருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஹரிணி மட்டும் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று சொன்னேன். அந்தப் பெண் நான்கு கேள்விக்கும் இல்லை என்று குறித்துக்கொண்டாள்.

உள்ளே இரண்டிரண்டாக நாற்காலிகள். என் எதிர் நாற்காலியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மலைக்காரப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். சட்டையில் சுனிதா நேகி என்று எழுதியிருந்தது. நான் சாந்தாமணியிடம் ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க ஈரோட்டுப் பக்கமுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இமயமலையில் கொங்குத் தமிழ்.

"திருப்பூர்ல ஆறு வருசம் இருந்தேங்ணா. பனியன் கம்பெனி. டைலர். அப்புறம் அம்மாவுக்கு முடியலேன்னு ஊருக்கே வந்துட்டேன்" என்றாள்.

அவள்தான் எனக்குப் புரியும்படி விளக்கினாள். இரண்டு பேர் காதுக்குப் பின்னாலும் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். விழாமல் நிற்கிற பழக்கம், சரிவில் உடம்பைச் சாய்க்கிற பழக்கம், இதெல்லாம் மூளையில் ஓரிடத்தில் இருக்கிறதாம். அவளுடையது எனக்கு வரும், என்னுடையது அவளுக்குப் போகும். இரண்டு மணி நேரம் கழித்து அவரவருடையது அவரவருக்கு.

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கே நாங்க சறுக்கித்தான் போவோமுங்ணா. அதனால எங்க ஊர்க்காரங்க காலுக்குத்தான் இங்க கிராக்கி."

"அந்த ரெண்டு மணி நேரம் நீ என்னம்மா பண்ணுவே?"

"உங்க கால வெச்சுட்டு வேல பாப்பேன்" என்று சிரித்தாள். "சமவெளிக்காரங்க கால் கொஞ்சம் தத்தக்கா பித்தக்கான்னு இருக்கும், அவ்வளவுதான். நோய் நொடி இருக்கறவங்கன்னா மட்டும் நாங்க கட்டில்ல படுத்துக்கணும். பெல்ட் போட்டு வுடுவாங்க." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே? இருந்தாச் சொல்லிருங்க. நான் பாட்டுக்குப் படுத்துக்குவேன். ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

அடுத்த நாற்காலியில் தேவராஜ் இருந்தார். கண்ணை மூடியிருந்தார், ஆனால் காது திறந்துதான் இருக்கும்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

முதல் பொய்யை ஒரு படிவத்திடம் சொன்னேன். இது ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொன்னது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மணி நேரம் போல என் வாழ்க்கையில் வேறு நேரம் இருந்ததில்லை. கதவு திறந்தது, சரிவில் இறங்கினேன், என் முழங்கால் தானாக மடங்கியது, இடுப்பு தானாகத் திரும்பியது. பலகையின் கீழே பனி கரகரவென்று சத்தம் போட்டது. தேவதாரு மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போனேன். ஆனால் என்னை அழ வைத்தது சறுக்கல் இல்லை. பாதி வழியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தேன். பதினொரு வருடமாக நான் அண்ணாந்து பார்த்ததே கிடையாது, பார்த்தால் விழுந்துவிடுவேன். வானம் அசையாமல் நின்றது. தரை தரையாக இருந்தது. சாதாரண மனிதர்கள் எல்லோரும் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று எனக்குப் பொறாமைகூட வந்தது.

தேவராஜை இரண்டு முறை முந்தினேன். விஷ்ணு கைதட்டினான். "மாமா பின்றாரு" என்று ஹரிணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும், பொய் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

சறுக்கிக்கொண்டே கூடத்துக்குள் வந்து நின்றபோது சுனிதா நாற்காலியில் இல்லை. பொறுப்பாளர் ஜோஷி என்னைப் பக்கத்திலிருந்த மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார். சுனிதா கட்டிலில் கிடந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. நெற்றியில் வீக்கம். இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த பாத்திரம்.

நான் எப்படிப் பிடித்துக்கொண்டு கிடப்பேனோ அதே பிடி.

ஈர பூட்ஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறாள். நாலாவது படியில் சுழன்று விழுந்தாள் என்றார்கள். ஜோஷி எங்கள் இருவர் காதுக்குப் பின்னாலும் பட்டையை ஒட்டி மாற்றத்தைத் திருப்பினார். "இனிமேல் சரியாகிவிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் எழுந்தேன். சுற்றல் திரும்பி வரப்போகிறது என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

அன்று மாலையும் வரவில்லை. மறுநாள் காலை வேண்டுமென்றே தலையை வெடுக்கென்று திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன், நிமிர்ந்தேன். சுவர் இருந்த இடத்தில் இருந்தது. சாந்தாமணி குளியலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குச் சுத்தல் நிக்கலையாம். கீழ சொன்னாங்க" என்றாள்.

நான் மறுபடியும் குனிந்து இன்னொரு கயிற்றைக் கட்டினேன்.

காலை உணவு நேரத்தில் மேலாளர் எங்கள் மேசைக்கு வந்தார். வசந்தி எல்லோர் தட்டிலும் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். மேலாளர் மிகவும் பணிவாகத்தான் கேட்டார். மாற்றம் நடக்கும்போது ஒருவருக்கு இருக்கும் சுற்றல் கடுமையாகக் கிளம்பிவிட்டால், அந்தப் பழக்கம் மற்றவர் மூளையில் படிந்துவிடுவது உண்டு. மூன்று நாளைக்குள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திருப்பி எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு முடியாது. எனக்கு முன்பு அப்படி ஏதாவது இருந்ததா?

"அதான் நேத்தே சொல்லிட்டாரே" என்றார் தேவராஜ், எனக்கு முன்னால். கொஞ்சம் கோபமாகவே சொன்னார். சம்பந்தியை ஒருவன் சாப்பாட்டு மேசையில் வைத்து விசாரிப்பதா என்ற கோபம்.

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். மேலாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தனியாகச் சுனிதாவைப் பார்க்கப் போனேன். சாந்தாமணி சொல்லித்தான் போனேன், நானாகப் போகவில்லை. ஊழியர்கள் தங்கும் பகுதியில் ஒரு சின்ன அறை. என் காலடிச் சத்தம் கேட்டும் அவள் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான்தாம்மா. கோபி வாத்தியார்."

"வாங்ணா." கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "உங்களுக்கு எந்தப் பக்கமா சுத்துமுங்ணா? எனக்கு எடது பக்கமா சுத்துது."

"மொதல்ல எடது பக்கந்தான். காது அடைச்ச மாதிரி ஆனா வலது பக்கமா மாறும். அப்பப் பயப்படாதே, அரை மணி நேரத்துல..." என்று சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்தினேன்.

எனக்குக் காது மடல்கள் எரிந்தன. பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பையன்களை நிற்க வைத்து எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்.

"விழுந்த அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்ணா" என்றாள். "ஆனா நான் சொல்லக்கூடாது. விருந்தாளி மேல புகார் சொன்னா வேலை போயிரும். பட்டைல எல்லாம் பதிவாயிருக்கு, ஆனா விருந்தாளி ஒத்துக்கிட்டாத்தான் அதத் தொறப்பாங்க. இல்லேன்னா எனக்கே இந்த வியாதி இருந்துச்சுன்னு எழுதிருவாங்க. அப்புறம் யாரும் என் கால வாங்க மாட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க வீடு மேல இருக்குதுங்ணா. பனி காலத்துல சறுக்கித்தான் போகணும், வேற வழி கெடையாது. அம்மா அங்க தனியா இருக்கு."

"கல்யாணம் நிச்சயமாயிருக்கும்மா பொண்ணுக்கு. அவங்க முன்னாடி..."

"தெரியுது. திருப்பூர்ல இருந்தவ, எனக்குத் தெரியாதுங்களா." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்குதுங்ணா. டாக்டர்கிட்ட மட்டும் தனியாச் சொன்னாப் போதும்."

"சொல்றேம்மா. காலைல மொத வேலையாச் சொல்லிடறேன்" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை தேவராஜிடமே முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். டாக்டரிடம் போன பிறகு வேறு வழியாக அவர் காதுக்குப் போய்ச் சேர்வதைவிட அது கௌரவம் என்று பட்டது. அவர் முன்கூடத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். கல்யாணத்தை நிறுத்துவதாக இருந்தால் ஹரிணி மீது குற்றம் சொல்லவேண்டாம், மறைத்தது நான்தான் என்றும் சொன்னேன்.

அவர் டீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியுமுங்க."

எனக்குப் புரியவில்லை.

"நிச்சயத்துக்கு முன்னாடியே விசாரிச்சோமில்லீங்களா. கோபியில நீங்க மாத்திரை வாங்கற கடைக்காரரு நமக்குப் பங்காளி வழி. உங்கப்பாவுக்கு இருந்ததும் தெரியும். வசந்திதான் சொன்னா, தலை சுத்தறதெல்லாம் ஒரு கொறையான்னு. எங்க அம்மா இருபது வருசம் ஆஸ்துமாவோட இருந்தாங்க."

"அன்னிக்குப் படிவம் கேக்கறப்ப ஜோக் அடிச்சீங்களே?"

அவர் முகம் சுருங்கியது. "நீங்க எல்லார் முன்னாடியும் சங்கடப்படக் கூடாதேன்னுதானுங்க. நீங்க அந்தப் பொண்ணுகிட்டத் தனியாச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். மேசையில அந்த ஆள் வந்து கேட்டப்பவும், சொன்னது எழுதாம விட்டுட்டு நம்மளக் கேக்கறானேன்னுதான் கோவம் வந்துச்சு." சிறிது நேரம் தரையைப் பார்த்தார். "தப்புப் பண்ணிட்டோமுங்க சம்பந்தி. எந்திரீங்க, இப்பவே போலாம். நானும் கூட வர்றேன்."

மணி பத்தரை. மருத்துவ அறை அந்த நடைவழியின் கோடியில் இருந்தது, அறுபது அடிகூட இருக்காது.

"நான் போய்க்கறேனுங்க. நீங்க டீயக் குடிங்க" என்றேன்.

எழுந்து நடந்தேன். நடைவழியில் பாதி தூரம் போனேன். அங்கேதான் எனக்கு ஒன்று தெரிந்தது. மூன்று நாளாக ஹரிணிக்காக, ஹரிணிக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் காரணம் போய்விட்டது. கல்யாணம் நிற்காது, யாரும் குறை சொல்லமாட்டார்கள், சம்பந்தியே கூட வருகிறேன் என்கிறார். ஆனாலும் என் கால் மருத்துவ அறைப் பக்கம் திரும்பவில்லை. என் கால் என்றா சொன்னேன். அது மிக நன்றாக நடந்துகொண்டிருந்தது. மிக நேராக, எதையும் பிடிக்காமல். கதவைத் தட்டினால் இது போய்விடும். மறுபடியும் அந்தக் கட்டில், அந்தப் பாத்திரம், சுவர்கள்.

கூடத்துக் கதவு திறந்திருந்தது. யாரோ குழந்தைகள் சறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் வெளியே போனேன். ஐந்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு வருவதாகத்தான் எண்ணம். பலகை இல்லாமல், வெறும் பூட்ஸோடு, தேவதாரு மரங்கள் வரைக்கும் நடந்தேன். அண்ணாந்து பார்த்தேன். அங்கிருந்து ரோப்கார் நிலையம் வரைக்கும் போனேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது பன்னிரண்டேகால்.

ஒருவன் தன்னை இவ்வளவு கேவலமாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திரும்பி வந்ததும் தேவராஜ் எழுந்து நின்றார். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேனுங்க."

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நல்ல மனிதர், நம்பிவிட்டார். சாந்தாமணி அப்படி நம்பவில்லை. சொல்லியிருந்தால் நான் சுவரைப் பிடித்துக்கொண்டல்லவா வரவேண்டும். அவள் என் கால்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து நாங்கள் கிளம்பும்போது வரவேற்பில் சுனிதா நேகியைப் பற்றி விசாரித்தேன். உடல்நிலை காரணமாக வேலையை விட்டுவிட்டார், கீழே அண்ணன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். மேலே இருக்கும் அம்மாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தையில் பெருந்துறையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மூன்று மணி நேரம் மேடையில் நின்றேன். தாரை வார்க்கும்போது செம்பிலிருந்து ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. என் வியாதி யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, பரவாயில்லையே, நன்றாக ஆகிவிட்டதே என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பந்தி முடிந்த நேரத்தில் பெரியப்பா மகன் கருணாகரன் அண்ணன் என்னை ஓரமாக அழைத்தார். ஆறு வருடமாக அவருக்குக் கை நடுக்கம். சாப்பிடும்போது மருமகள் ஊட்டிவிடுவதை யாரும் பார்க்காமலிருக்கக் கடைசிப் பந்தியில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"மோகனு, அந்த மலைமேல ஏதோ ஓட்டல்ல தங்கிட்டு வந்ததுக்கு அப்புறந்தான் உனக்குச் சரியாச்சாமே. அங்க என்னமோ மாத்தி வுடறாங்களாம். கைக்கும் பண்ணுவாங்களா?"

"அது வெளையாட்டுக்குங்ணா. வைத்தியம் இல்ல."

"என்னமோ இருக்கட்டும். அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த இடது கை என் கண் முன்னால் வந்தது. ஆகும் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆசை எனக்குப் பழக்கமானதுதான்.

"ஒண்ணும் ஆகாதுங்ணா" என்றேன்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஓட்டலின் பெயரை எழுத இரண்டு முறை முயன்றார். பேனா எங்கெங்கோ ஓடியது. அவரால் முடியவில்லை. நான்தான் வாங்கி எழுதிக் கொடுத்தேன்.